கோட்டுக்கு இந்தப் பக்கம் – 6: மூலையில் நின்ற அண்ணன்

சென்ற வாரம் அகமதாபாத்தில் நிறுத்தியிருந்தோம். 2016 அக்டோபர் 7, உலகக் கோப்பைக் கபடியின் முதல் ஆட்டம். கபடியில் இந்தியாவை யார் அசைக்க முடியும் என்று எல்லோரும் நம்பியிருந்த நாளில், தென் கொரியா 34-32 என்று ஜெயித்துவிட்டுப் போனது. பதினான்கு பேர் கொண்ட அந்த இந்திய அணியில் வயதில் மூத்தவர் ஒரு தமிழர். தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டிக்காரர், தர்மராஜ் சேரலாதன். அப்போது அவருக்கு 41 வயது.

தோற்ற அணி மீண்டும் எழுந்து அக்டோபர் 22 அன்று இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே ஈரான். பாதி ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க உட்கார்ந்தபோது பலகையில் இருந்த கணக்கு: ஈரான் 18, இந்தியா 13.

அந்த இடைவேளையை அப்படியே விட்டுவிட்டு, சேரலாதன் ஆடிய இடத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம். அது புரியாமல் இந்தக் கதை புரியாது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. தை பிறந்துவிட்டால் ஓமலூர் தொடங்கி ஆத்தூர், ராசிபுரம், மோகனூர் வரை ஏதாவது ஓர் ஊரில் கபடி நடந்துகொண்டுதான் இருக்கும். டியூப் லைட் கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, மைக் செட்டில் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். அவர் கத்துவதெல்லாம் ரைடர் பெயரைத்தான். பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தவனைத் தோளில் தூக்குவார்கள். ரைடரைப் பிடித்த பையனுக்கு முட்டியில் சிராய்ப்புதான் மிச்சம். எனக்கு இதில் வெகுநாளாகவே மனக்குறை உண்டு. பாதி ஆட்டத்தை நாம் பார்க்காமலே வீடு திரும்புகிறோம்.

ஏழு பேர் கைகோத்து நிற்கும் வரிசையில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள்தான் கார்னர். சேரலாதன் வலது கார்னர். ரைடருக்கு ஒரு ரைடுக்கு 30 விநாடி. எதிரே ஆறு பேராவது நின்றால் போனஸ் உண்டு. அதை எடுக்க ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னங்கால் தரையில் படக்கூடாது. கண் இமைக்கும் நேரம் அவன் முழு உடம்பும் ஒற்றைக் காலில் நிற்கிறது. கார்னர் காத்திருப்பது அந்த ஒரு கணத்துக்குத்தான். குனிந்து, இரண்டு கையாலும் கணுக்காலைப் பற்றி, தன் பக்கம் இழுக்க வேண்டும். அதற்குள் பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரர் ஓடிவந்து இடுப்பில் மோதி அவனை வெளியே தள்ள வேண்டும். அரை விநாடி முந்தினால் ரைடர் காலை உருவிக்கொண்டு, தொட்ட புள்ளியோடு நடுக்கோட்டைத் தாண்டிவிடுவான். பிந்தினால் கையில் காற்றுதான். பாய்ந்து பிடிப்பதைவிடப் பாயாமல் இருப்பதுதான் அங்கே கஷ்டம். எதிராளியின் தோளும் இடுப்பும் என்ன சொல்கின்றன என்று பார்த்துக்கொண்டே, கைகோத்திருப்பவனை ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று நகர்த்த வேண்டும். இருபது வயதில் இது வராது. வந்தவர்கள் அபூர்வம்.

அமெரிக்கக் கால்பந்தில் இதேபோல ஒரு கூட்டம் உண்டு. லைன்மேன் என்பார்கள். தாக்கும் அணியின் லைன்மேன்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். பந்து வைத்திருப்பவனுக்கு வழி உண்டாக்குவதற்காக மோதி மோதியே காலத்தைக் கழிப்பார்கள். ரெய்டர்ஸ் அணியில் அப்படி மோதிய ஆர்ட் ஷெல் 1989இல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். நவீன காலத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். முன்வரிசையில் நின்றவனுக்கு முழுக் களமும் தெரியும் என்பதை அங்கே அப்போதே ஒப்புக்கொண்டார்கள்.

சரி, இடைவேளை முடிந்தது. இந்திய ரைடர் அஜய் தாக்கூர் ரைடுக்குப் போகத் தொடங்கினார். போகப் போக ஈரானின் பிடி தளர்ந்தது. முடிவில் இந்தியா 38, ஈரான் 29. கொரியாவிடம் அடி வாங்கிய அணி பதினைந்தே நாளில் கோப்பையைத் தூக்கியது. சேரலாதன் உலகச் சாம்பியன் ஆனார்.

அந்த ஆண்டில் அவர் தொட்ட முதல் கோப்பை அதுவல்ல. மூன்று மாதத்துக்கு முன், 2016 ஜூலை 31, ஹைதராபாத். புரோ கபடி லீக்கின் நான்காவது சீசன் இறுதிப் போட்டி. பாட்னா பைரேட்ஸ் அணியின் கேப்டன் சேரலாதன். அவர் அணியின் பெரிய ரைடர் பர்தீப் நர்வாலுக்கு 19 வயது. கேப்டனுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37-29 என்று வென்றார்கள். சின்னவன் பறந்தான், பெரியவர் வீட்டைப் பார்த்துக்கொண்டார். வடக்கத்திய பையன்களும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் லீக் முழுக்க நிலைத்துவிட்டது.

அதே ஆண்டு மார்ச்சில், முந்தைய சீசனில், பாட்னாவுக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் மன்ப்ரீத் சிங். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அவர் திரும்ப வருவார்.

2016க்குப் பிறகு யாராக இருந்தாலும் ஓய்வெடுத்திருப்பார்கள். உலகக் கோப்பை, லீக் கோப்பை இரண்டும் கையில். வயது 41. ஆனால் அவர் ஆடிக்கொண்டே இருந்தார். 2017இல் புனேரி பல்டன், 2018இல் யு மும்பா. 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரைக் கேப்டனாக்கியது. கபடிக்கே தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தின் அணிக்கு ஒரு தஞ்சாவூர்க்காரர் கேப்டன்! 2021 டிசம்பரில் தொடங்கிய எட்டாவது சீசனில் ஜெய்ப்பூர் அணிக்காகக் களத்தில் இறங்கியபோது வயது 46. எதிரே பாடி வந்தவர்களில் பலர் அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை. மோதலே தொழிலான விளையாட்டில், கணுக்காலுக்குக் குனிந்து குனிந்து எழும் இடத்தில் நின்றுகொண்டு, 46 வயது!

இத்தனை அணிக்கு ஆடியவர் தமிழ் தலைவாஸுக்கு மட்டும் களத்தில் ஆடவில்லை. 2017இல் லீக்கில் சேர்ந்த அந்த அணி முதல் சீசனிலேயே தன் பிரிவில் கடைசி இடம் பிடித்தது. அதன் பிறகு ஒரே ஒருமுறை, 2022இல் தொடங்கிய ஒன்பதாவது சீசனில், பயிற்சியாளர் அஷன் குமார் காலத்தில் அரையிறுதியைப் பார்த்தது. அடுத்த சீசனில் மறுபடியும் சறுக்கல்.

அப்போதுதான் அண்ணனைக் கூப்பிட்டார்கள். 2024, பதினொன்றாவது சீசன். உதயகுமார் தலைமைப் பயிற்சியாளர், சேரலாதன் வியூகப் பயிற்சியாளர். ஆட்டக்காரராக வர வாய்க்காத அணிக்குப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்தது அவருடைய இடமேதான்: வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா. இரண்டு பேரும் ஏற்கெனவே பெயர் வாங்கிய பிடிகாரர்கள். கார்னருக்குக் கார்னரே வாத்தியார்.

அக்டோபர் 19, ஹைதராபாத். எட்டு வருஷத்துக்கு முன் அவர் கோப்பை தூக்கிய அதே ஊர். தெலுங்கு டைட்டன்ஸோடு முதல் ஆட்டம். தமிழ் தலைவாஸ் 44, டைட்டன்ஸ் 29. பதினைந்து புள்ளி வித்தியாசம்!

அந்த இரவில் தமிழ்நாட்டுக் கபடி ரசிகர்கள் கோப்பைக் கனவு காணத் தொடங்கினார்கள். அதே சீசனில் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு ஒருவர் பயிற்சி தந்துகொண்டிருந்தார்: மன்ப்ரீத் சிங். 2016இல் பாட்னாவுக்கு அடுத்தடுத்துக் கோப்பை தந்த இரண்டு கேப்டன்களும் அப்போது பயிற்சியாளர்கள். அந்த டிசம்பர் 29 அன்று புனேயில் இறுதிப் போட்டி முடிந்தபோது, கோப்பை இவர்களில் ஒருவர் கையில் இருந்தது. மற்றவருடைய அணி பட்டியலில் ஒன்பதாவது இடத்தில் நின்றது.

44-29 என்று தொடங்கிய அணி எங்கே வழுக்கியது? அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் ஊரில் கபடி நடந்தால் ஒரே ஒரு ஆட்டம் ரைடரை விட்டுவிட்டு வலது கார்னரை மட்டும் பாருங்கள்.

(தொடரும்)