தரையைக் கைவிட்ட ரயில்

பிலிப்பைன்ஸ் தேசத்தின் தலைநகரான மணிலாவில், ஸ்பானியர் ஆட்சி நடந்த 1880-களிலேயே குதிரை பூட்டிய டிராம்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ராஜ்யம் அமெரிக்கர் கைக்கு மாறியபின், மெரால்கோ என்று ஜனங்கள் சுருக்கி அழைத்த மின்சாரக் கம்பெனியார் 1905 முதல் மின்சார டிராம்களை ஓட்டலாயினர். 1945-இல் அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் ஒரு மாத காலம் வீதிக்கு வீதி நடந்த யுத்தத்தில் நகரத்தின் பெரும்பகுதி இடிந்து வீழ்ந்தபோது டிராம்களும் நாசமாயின. கம்பெனி அவற்றைத் திரும்ப நிர்மாணிக்க முன்வரவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது, அமெரிக்கப் பட்டாளம் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை வேய்ந்து, வர்ணம் பூசி ஜனங்களே உண்டாக்கிக்கொண்ட ஜீப்னி என்ற வாகனம். பின்புறமாக ஏறி, எதிரெதிரான இரு நீண்ட பலகைகளில் முழங்கால் இடிக்க அமர்ந்து, கட்டணத்தை அடுத்தவர் கையில் கொடுத்தால், அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரைச் சென்றடையும். மீதிச் சில்லறையும் அவ்வாறே திரும்பி வரும். சர்க்காரின் யோஜனை எதுவுமின்றி ஏற்பட்ட இந்த ஏற்பாட்டுக்கு முப்பது வருஷத்திற்குள் வீதிகள் யாவும் அநேகமாகச் சொந்தமாகிவிட்டன.

1970-களில் சர்க்கார் மீண்டும் தண்டவாளத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியபோது, ஜப்பானிய நிபுணர் பூமிக்கடியில் ரயில் விடச் சொன்னார்கள். உலக வங்கியின் உதவியோடு 1976-77-இல் நடந்த ஆராய்ச்சியோ, ரிஸால் அவென்யூவின் தரைமீதே இலகு ரயில் போதும் என்றது. குறுக்கே வரும் சாலைகள் மிகுதி என்று காரணம் கூறி, மந்திரி இலாகா அதைத் தூண்களின்மேல் ஏற்றிற்று. 150 கோடி பெஸோ மதிப்பீடு 200 கோடியாயிற்று. குறுக்குச் சாலைகள் மெய்தான். ஆனால் தரை ஏற்கெனவே பிறர் அனுபோகத்தில் இருந்தது என்பதே வலுவான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு விலை கொடுத்தது ரிஸால் அவென்யூ: சினிமாக் கொட்டகைகளும் பெரிய கடைகளுமாக விளங்கிய அந்த ராஜவீதி, பாலத்தின் நிழலில் நடுப்பகலிலும் மங்கிக் கிடக்கலாயிற்று.

இந்தப் பணிக்கென்றே 1980 ஜூலை 12-ஆம் தேதி ஜனாதிபதி மார்க்கோஸ் 603-ஆம் நிர்வாக உத்தரவின் மூலம் இலகு ரயில் போக்குவரத்து அதிகார சபையை ஸ்தாபித்தார். மாநகர கவர்னராக இருந்த அவர் மனைவி இமெல்டாவே அதன் தலைவரானார். பெல்ஜியம் கடன் கொடுத்தது, வண்டிகளும் அங்கிருந்தே வந்தன. 1984 டிஸம்பரில் தெற்குப் பாதியும் மறு வருஷம் மே மாதத்தில் மீதியுமாகப் பதினைந்து கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது.

பாதையைக் கட்டவும் கட்டணத்தை நிர்ணயிக்கவும் அதிகாரம் பெற்ற இந்தச் சபை, வண்டி ஓட்டும் வேலையை மட்டும் மெட்ரோ என்ற கம்பெனியிடம் ஒப்படைத்தது. அது யாருடையதென்றால், யுத்தத்திற்குப்பின் டிராமைத் தலைமுழுகிய அதே மெரால்கோவினுடையது! 1989-இல் அதன் பங்குகள் முழுவதையும் சபையே வாங்கிவிட்ட பிறகும், கம்பெனி வேறு, சபை வேறு என்றே கணக்கு நடந்தது. 2000 ஜூலை 25-ஆம் தேதி ஊதியப் பேச்சு முறிந்து தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்ய, ரயில்கள் நின்றன. அம்மாத முடிவில் காலாவதியான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் சபை தானே ஓட்டும் பொறுப்பை ஏற்றது, பழைய தொழிலாளிகளின் வேலையும் போயிற்று. பங்குகளெல்லாம் யாரிடம் இருந்தனவோ அவரே எஜமானர் என்று வாதாடியவர்களுக்கு, 2006-இல் உச்ச நீதிமன்றம், சபை அரசாங்க ஸ்தாபனம், கம்பெனி தனியார் சட்டத்தின் கீழ் அமைந்தது, ஆகவே அவர்கள் சபையின் ஊழியர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணுக்கு அது சரியாயிருக்கலாம். பதினைந்து வருஷம் அந்த வண்டிகளையே ஓட்டியவனுக்கு அது எப்படி விளங்கியிருக்கும்?

2015-இல் மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம், வேலை போனதற்கான தொகையில் பாக்கி நின்ற பாதிக்குச் சபையும் பொறுப்பு என்றது. அவ்வருஷம் செப்டம்பரில், இந்தப் பாதையை ஓட்டும் உரிமை 32 வருஷத்திற்கு மீண்டும் ஒரு தனியார் கம்பெனியிடம் சென்றது.