முத்துக் கம்பனியும் முதலிட்டோர் நம்பிக்கையும்

ஈழத்தின் வடமேற்குக் கடல் முத்துக்குப் பேர்பெற்றது. 1344ஆம் ஆண்டளவில் ஈழம் வந்த இபின் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியிடம் தாம் கண்ட முத்துக்களைப் பற்றி எழுதியுள்ளார். யாழ்ப்பாண அரசருக்குப் பின் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்போர் முறையே மன்னார்க் கடலின் முத்துப்பார்களைத் தம்வசப்படுத்தினர். அரசின் உடைமையாயிருந்த அப்பார்கள் 1906இல் ஒரு கம்பனியின் கைக்கு மாறியமையும், அக்கம்பனி தன்னில் முதலிட்டோரின் நம்பிக்கையைக் காக்கவியலாது போனமையும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

மன்னார் அக்காலத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியைத் தலைமையாகக் கொண்ட வடமாகாணத்தின் ஒரு பகுதியாகும். 1869 முதல் 1896 வரை அம்மாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரை முத்துக்குளிப்பில் நீண்ட அனுபவம் மிக்கவர். குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்வதன்று. 1837இன் பின் 1855 வரையும், 1891இன் பின் 1903 வரையும் கடல் வெறுமையாகவே கிடந்தது. இக்குறையை நீக்கும் வழிகாண, லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் பார்களை ஆராய்ந்தார். இளஞ்சிப்பிகளைத் தகுந்த பார்களுக்கு மாற்றியும், அவை பற்றி வளரக் கடலடியிற் கல் முதலியன இட்டும் பேணினால் மனந்தளர வேண்டியதில்லை என்பது அவர் கருத்து.

தற்செயலாக, 1903 முதல் மூன்று ஆண்டுகள் கடல் வாரி வழங்கியது. 1905இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபா. இதனைக் கண்டு இலண்டனில் முதல் திரட்டிய இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி, ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்குப் பெற்றது.

1906, 1907 ஆகிய ஆண்டுகளிற் குளிப்பு நடைபெற்றது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய லெனாட் வூல்ஃப் 1906இல் மரிச்சுக்கட்டிக் குளிப்பிற் கடமை புரிந்து, பின்னாளில் தம் சுயசரிதையில் அதனை விவரித்துள்ளார். அதன்பின் பார்கள் வெறுமையாயின. நீரோட்டம் சிப்பிக்குஞ்சுகளை அடித்துச் சென்றது. திருக்கை முதலிய மீன்கள் எஞ்சியவற்றை உண்டன. முன்னைய ஆண்டுகளில் அளவின்றி அள்ளியதும் ஒரு காரணமெனலாம். சிப்பி இல்லாவிடினும் குத்தகைப் பணம் நின்றபாடில்லை. பத்து ஆண்டு வெறுமைக்குக் குத்தகை மட்டும் 31 இலட்சம் ரூபா. 1905ஆம் ஆண்டின் பெருவருமானத்திலும் அது மிகுதி. ஈற்றில் தவணை முடியுமுன்னரே கம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த குளிப்பு 1925இலேயே நிகழ்ந்தது.

இழப்புப் பங்குதாரர்க்கு மட்டுமன்று. எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கைக் கூலியாகப் பெற்றுவந்த குளிகாரரும், கரையிற் கூடிய சிறுவணிகரும் பருவகாலப் பிழைப்பை இழந்தனர். அவர்கள் எக்கம்பனியிலும் பங்கு வாங்கியவரல்லர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

கம்பனியின் வீழ்ச்சிக்கு அறிவியலைக் குறைகூறுவது பொருந்தாது. மூன்றாண்டு விளைவை இருபதாண்டுக்கு அளவுகோலாகக் கொண்டமையே பிழை. நூறாண்டுப் பதிவேடுகள் அரசிடம் இருந்தன. அவற்றை எண்ணிப் பார்த்திருப்பின் ஐயம் முதலீட்டுக்கு முன்னரே பிறந்திருக்கும்.

இன்று கடலிலிருந்து மின்சாரம் பெறுவோம் எனக்கூறி முதல் திரட்டும் நிறுவனங்களையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். பிரான்சின் றான்ஸ் கழிமுகத்தில் 1966 முதல் வற்றுப்பெருக்கு மின்நிலையம் இயங்குகின்றது. அங்கே நீர்மட்டம் சராசரி 8 மீற்றர் ஏறியிறங்கும். யாழ்ப்பாணக் கரையிலோ அது ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. வாக்குறுதியை நம்புமுன் கடலின் கணக்கைக் கேட்பதே முறையாகும்.