பற்றுக் கருவியும் பற்றிய கைகளும்: சத்திரசிகிச்சை வரலாறு குறித்த ஒரு சமூகவியல் நோக்கு

சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கத்தியின் வரலாற்றையே எழுதினர். ஆயின், அறுத்தலுக்கு முன்நிபந்தனையாக அமைவது பற்றுதல். நழுவும் தசையை, அசையும் சவ்வை, உள்ளொடுங்கும் கட்டியை ஒரு நிலையில் நிறுத்தாமல் அறுக்க முற்படின் கத்தி வேண்டாத இடத்தையும் வெட்டும், குருதி பெருகும். பூண்டுலோயா மலைகளில் கவ்வாத்து வெட்டும் தொழிலாளிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதன்று. கிளை ஆடினால் வெட்டு பிளந்துபோகும் என்பதை அவருடைய கை அறியும். நீக்க வேண்டிய தசையை அசையாது நிறுத்தும் கருவிகள் எங்ஙனம் தோன்றின, அவற்றைக் கையாண்டோர் சமூகத்தில் எவ்விடத்தில் வைக்கப்பட்டனர், அவ்வறிவு எம்மொழியில் யாரைச் சென்றடைந்தது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1. உலைக்களமும் கருவியும்

சொற்களிலிருந்தே தொடங்கலாம். இன்று பொறி என்ற பொருளில் வழங்கும் 'இயந்திரம்' என்ற சொல், 'கட்டுப்படுத்து, பிடித்து நிறுத்து' என்ற பொருளுடைய 'யம்' என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது. பண்டைய மருத்துவ நூல்களில் அறுப்பது சத்திரம், பற்றுவது யந்திரம். மேலைநாட்டு மருத்துவர் வழங்கும் 'ஃபோர்செப்ஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குச் 'சூடானதைப் பற்றுவது' என்று மூலப்பொருள் காட்டுவர். கொல்லனின் உலைக்களத்திலிருந்தே அது மருத்துவனின் பேழைக்கு வந்தது என்பதற்கு அச்சொல்லே சான்று.

தமிழிலும் நிலைமை வேறன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், நண்டின் கவைத்த காலுக்குக் கொல்லனின் 'கொடிறு' என்னும் பற்றுக்குறட்டை உவமையாக்குகிறார். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், மார்பின் போர்ப்புண்ணைத் தைத்த நெடிய வெள்ளூசியைக் குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகிறார். குறடும் ஊசியும் முதலில் உழைப்பாளியின் கருவிகள். பின்னரே அவை மருத்துவக் கருவிகளாயின. முள்வாங்கி, சாவணம், கொக்கி என இன்றும் வழங்கும் பெயர்கள் யாவும் அத்தொழில் உலகின் சொற்களே.

2. சுசுருத சங்கிதையின் சான்று

பற்றுக் கருவிகளை முறைப்படுத்தி விவரிக்கும் மிகப் பழைய நூல்களுள் சுசுருத சங்கிதை தலையாயது. அது 101 யந்திரங்களை ஆறு வகையாகப் பகுக்கின்றது: சுவஸ்திகம் 24, சந்தம்சம் 2, தாளம் 2, நாடி 20, சலாகை 28, உபயந்திரம் 25. சுவஸ்திகங்கள் இரு அலகுகளை ஆணியாற் பிணைத்த குறடுகள். சிங்கம், புலி, காகம், நாரை போன்ற விலங்கு பறவைகளின் வாயமைப்பை ஒத்தனவாக அவை செய்யப்பட்டன. எளிதில் உட்புகுந்து, உறுதியாகப் பற்றி, தடையின்றி வெளியேறுவதனால் நாரைவாய்க் கருவியே அவற்றுட் சிறந்தது என்பது நூலின் தீர்ப்பு. தோல், தசை, நரம்பு முதலியவற்றைப் பற்றுதற்குரியது சந்தம்சம். அதில் பூட்டுள்ளதும் பூட்டில்லாததுமாக இரு வகை. கருவிக்குரிய பன்னிரு குற்றங்களை எண்ணும்போது, பற்றாமையையும் கோணலாகப் பற்றுதலையும் நூல் தனித்தனியே குறிப்பிடுகின்றது. பட்டறையில் நின்று கருவியைச் சோதித்தவனின் குரல் இங்கு ஒலிக்கின்றது.

கண்ணின் வெண்படலத்தில் வளரும் தசையை நீக்கும் முறை இவ்வறிவின் உச்சம். உப்புப் பொடியால் அத்தசையைக் கிளர்த்தி, ஒற்றடமிட்டு, நோயாளியைக் கடைக்கண்ணால் நோக்கச் செய்து, தளர்ந்து சுருங்கிய இடத்தைப் 'படிசம்' என்னும் கொக்கியாற் கோத்து, முச்சுண்டிச் சாவணத்தாலோ நூல் கோத்த ஊசியாலோ பிடித்து மெல்ல உயர்த்தியபின்னரே வட்டமுனைக் கத்தியால் அறுத்தல் வேண்டும். படிசம் என்ற சொல்லின் பொருள் தூண்டில்முள். மீனவனின் கருவி இவ்வாறு கண் மருத்துவனின் கையை அடைந்தது.

இக்கருவிகள் அனைத்தையும் விவரித்த அந்நூல், யந்திரங்களுட் தலையாயது கையே என்கின்றது. கையின்றி எக்கருவியும் இயங்காது என்று காரணமும் கூறுகின்றது. மாணவன் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அறுத்துப் பழகிய பின்னரே நோயாளியைத் தொடலாம் என்று விதிக்கின்றது. கைத்தொழிலை அறிவின் ஊற்றாகக் கொண்ட ஒரு மரபு இதிற் புலப்படுகின்றது.

3. தாழ்த்தப்பட்ட கை

இம்மரபு ஏன் தழைக்கவில்லை? மனுநூல், மருத்துவன் தரும் உணவைச் சீழுக்கு ஒப்பிட்டு விலக்குகின்றது. உடலைத் தொட்டுக் குருதியிலும் சீழிலும் கைவைப்பவன் தூய்மையற்றவன் என்பதே இதன் அடிப்படை. தேவிபிரசாத் சட்டோபாத்தியாயர் 1977இல் வெளியிட்ட 'பண்டைய இந்தியாவில் விஞ்ஞானமும் சமூகமும்' என்ற ஆய்வில், மருத்துவத்தின் பொருள்முதல்வாத உள்ளடக்கத்திற்கும் வருண ஒழுங்கின் காவலர்க்கும் இடையே நிகழ்ந்த இம்மோதலை விரிவாக ஆராய்ந்தார்.

தமிழ்ச் சமூகத்தில் இதன் தடத்தைச் சொல்லாட்சியே காட்டும். யாழ்ப்பாணத்திலும் தென்தமிழகத்திலும் 'பரியாரி' என்ற சொல் மருத்துவனையும் நாவிதனையும் குறித்து வழங்கியது. 'அம்பட்டன்' என்ற பெயரோடு தொடர்புபடுத்தப்படும் 'அம்பட்டர்' என்னும் குலத்திற்கு மனுநூல் விதிக்கும் தொழில் மருத்துவமே. அக்குடியின் பெண்கள் மருத்துவச்சிகளாயினர். ஏடு ஒருவரிடமும் கத்தி இன்னொருவரிடமுமாகப் பிரிந்தன. கற்றவன் கைவைக்கவில்லை, கைவைத்தவனுக்குக் கல்வி மறுக்கப்பட்டது. பற்றுக் கருவியின் வளர்ச்சி தடைப்பட்டதற்கு இப்பிரிவினை ஒரு முக்கிய காரணம் எனலாம்.

4. 1867

1867ஆம் ஆண்டு மூன்று நிகழ்ச்சிகளை ஒருங்கே கொண்டது. பிரித்தானியாவில் ஜோசப் லிஸ்டர், கார்போலிக் அமிலத்தால் புண் அழுகாது காக்கும் முறையை உலகறியச் செய்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், துரூயிற்றரின் சத்திரசிகிச்சை நூலைத் தழுவிய 'இரண வைத்தியம்' என்ற தமிழ் நூலை வெளிக்கொணர்ந்தார். மலையகத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார்.

கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தவர். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவரை உருவாக்கியவர். மதம் பரப்பும் நோக்கோடு வந்தவர் என்பதை மறைக்கத் தேவையில்லை. எனினும், பிளவுண்டு கிடந்த ஏட்டையும் கத்தியையும் தமிழில் மீண்டும் இணைத்த வரலாற்றுப் பணி அவருடையது, அவருடைய மாணவருடையது. ஆயின் 1870இல் கொழும்பில் தொடங்கப்பட்ட அரசாங்க மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டது. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். தமிழில் உருவான சத்திரசிகிச்சைச் சொல்லாட்சி அதன்பின் ஆட்சியின் ஆதரவைப் பெறவில்லை.

5. பூண்டுலோயா

லூல்கந்துரையில் நடப்பட்ட பயிர், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலையகம் முழுவதையும் கொண்டது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் மரணங்கள் தோட்ட முதலாளித்துவத்திற்கு உழைப்பிழப்பாகத் தெரியத் தொடங்கிய காலத்தில், 1872இல், குடிபெயர்ந்த தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. மருந்தகங்கள் எழுந்தன. ஆனால் மானிப்பாயில் 'இரண வைத்தியம்' எந்த மொழியில் எழுதப்பட்டதோ அந்த மொழியைப் பேசிய லயங்களுக்கு மருத்துவம் ஆங்கிலத்திலேயே வந்துசேர்ந்தது.

பூண்டுலோயாவின் ஈட்டன் தோட்டம் விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற்ற ஓரிடம். எட்வேட் எர்னஸ்ட் கிறீன் என்ற பூச்சியியலாளர் அங்கிருந்தே இலங்கையின் செதிற்பூச்சிகளை ஆராய்ந்தார். 1896இல் அவருடைய பெருநூலின் முதற்பகுதி வெளிவந்தது. பல இனங்களின் விவரணத்தில் பூண்டுலோயாவின் பெயர் காணப்படுகின்றது. கடுகினும் சிறிய அவ்வுயிர்களை ஊசியாலும் நுண்சாவணத்தாலும் பிடித்து உருப்பெருக்கியின் கீழ் நிறுத்துவது பொறுமையும் நேர்த்தியும் வேண்டும் வேலை. அவ்வறிஞரின் உழைப்பைக் குறைகூறுவதற்கில்லை. தேயிலைச் செடியில் ஒட்டிய பூச்சிக்குக் கிடைத்த நுண்ணிய கவனம், அச்செடியைக் கொய்தவளின் உடலுக்கு எக்காலத்தில் கிடைத்தது என்பதே வரலாற்றாசிரியன் எழுப்பவேண்டிய வினா.

6. முடிவுரை

1846இல் பொஸ்ரனில் ஈதர் மயக்கமருந்து நிறுவப்படும்வரை, அறுவையின்போது நோயாளியின் உடல் முழுவதையும் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க நேர்ந்தது. அதன்பின் பிடிப்பு, நீக்கவேண்டிய சிறு இடத்தோடு சுருங்கியது. 1990களில் மார்புக்கட்டியின் துணுக்கை எடுக்கும் ஊசியில் வெற்றிட உறிஞ்சலே தசையை அசையாது நிறுத்தும் பற்றாயிற்று. கொம்பு வைத்துக் குருதி உறிஞ்சிய பழைய மருத்துவர்க்கு இத்தத்துவம் அந்நியமன்று. பிடிப்பு மேன்மேலும் நுண்மையாவதே இக்கருவியின் வளர்ச்சித் திசை.

சமூகப் பிடிப்பு அவ்வாறு சுருங்கவில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் இலங்கையின் அரசகரும மொழியாயிற்று. அவ்வுரிமை சத்திரசிகிச்சைக்கூடத்தின் வாயில்வரை சென்றால்தான் அது உரிமை. தன் உடலில் எது அகற்றப்படுகின்றது, ஏன் அகற்றப்படுகின்றது என்பதைத் தன் மொழியிற் கேட்டறிந்து உடன்படும் பெண், நோயாளி என்ற நிலையிலும் மனிதராக நடத்தப்படுகிறாள். விளங்காத மொழியில் எழுதிய தாளிற் கைநாட்டிடுபவள், மயக்கமருந்து ஏற்றப்படுமுன்னரே அசையாது பிடிக்கப்பட்டவள். சாவணம் தசையைப் பிடித்து நிறுத்துவது அவளுடைய நலத்திற்காக. மொழியாற் பிடித்து நிறுத்துவது அவளுடைய நலத்திற்காக அன்று. 'இரண வைத்தியம்' தொடக்கிவைத்த பணி மலையகத்தில் இன்னும் செய்யப்படவேண்டிய பணியாகவே உள்ளது.