காண்ட்ராக்டர் மாறும்போது காணாமல் போகும் வருடங்கள்

காண்ட்ராக்டர் மாறுகிறார். பெருக்கும் இடம் அதே, பெருக்குபவரும் அதே அக்காதான். ஆனால் ஏட்டில் அவர் புது ஆள். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர்ச்சி வேண்டும். அது சேர்வதற்குள் காண்ட்ராக்ட் முடிந்துவிடும்.

இது தானாக வந்ததல்ல, தோழர்களே. 1976 டிசம்பர் 9 அன்று ஒன்றிய அரசு, தன் வரம்புக்குட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் கூட்டுதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், காவல் ஆகியவற்றில் ஒப்பந்த முறையைத் தடைசெய்தது. தடைக்குப் பிறகு அந்தத் தொழிலாளி என்ன ஆவார்? 1970ஆம் ஆண்டுச் சட்டம் இதில் வாய் திறக்கவில்லை. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர் நேரடியாக நிறுவனத்தின் தொழிலாளி ஆவார் என்றது. ஐந்து வருடம்கூட நிற்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பைக் கவிழ்த்தது. 1976 அறிவிப்பும் இனி செல்லாது என்றது. ஒப்பந்தமே போலி என்று தீர்ப்பாயத்தில் நிரூபிக்கும் வேலை தொழிலாளி தலையில் விழுந்தது. சம்பளச் சீட்டுகூட இல்லாதவர் எதை வைத்து நிரூபிப்பார்?

ஐரோப்பாவிலும் சறுக்கல் உண்டு. ஜெர்மனியில் பள்ளியைச் சுத்தம் செய்த ஒரு பெண்ணின் வழக்கில், 1997இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒப்பந்தம் கைமாறியது மட்டும் போதாது என்றது. புதியவர் சொத்துகளையோ பழைய ஆட்களில் பெரும்பகுதியையோ எடுத்திருக்க வேண்டுமாம். அப்படியானால் யாரையும் எடுக்காதவருக்குத்தான் லாபம்! பிரிட்டன் 2006 விதிகளில் இந்த ஓட்டையை அடைத்தது. அந்த வேலைக்கென்றே இருந்த குழு, பழைய ஊதியத்தோடும் பணிக்காலத்தோடும் புது காண்ட்ராக்டரிடம் போகும்.

இங்கே 2020 சட்டத் தொகுப்பு, துப்புரவுக்கென்றே தொடங்கப்படாத நிறுவனத்தில் துப்புரவு மையப் பணியே அல்ல என்று எழுதிவைத்தது. ஆனால் அந்த 2001 தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது: தடை செய்யப்பட்ட பணிக்கு நிறுவனம் நிரந்தர ஆள் எடுத்தால் பழைய ஒப்பந்தத் தொழிலாளருக்கு முன்னுரிமை, வயதிலும் கல்வித் தகுதியிலும் தளர்வு. நிர்வாகங்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.