இருட்டிலும் கசிந்த ஒளி



பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய ஸ்டீல் டெவலப்பிங் டேங்க் கிடைத்தது. "டிக்காக்‌ஷன் போடும் பாத்திரமா தாத்தா?" என்றான் பேரன். அதற்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது.

1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் பாதரசம் இன்னும் ஏறியது. வகுப்பில் சொன்னது நினைவிருக்கும். அதுதான் அகச்சிவப்பு.

1910-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வூட் அந்தக் கதிரால் எடுத்த படங்களை வெளியிட்டார். மர இலைகள் பனி மூடியதுபோல் வெளுத்திருந்தன, வானம் கறுத்திருந்தது. பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை. இலை அதைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டாம் உலகப் போரில், இலைதழைபோலப் பச்சை வண்ணம் பூசி மறைத்தவற்றை இத்தகைய பிலிம் காட்டிக்கொடுத்தது. நம் நாட்டில் 1970 வாக்கில் பிஷரோட்டி குழுவினர், கேரளத் தென்னைகளின் வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படமெடுத்து ஆராய்ந்தார்கள்.

கோடக் தன் அகச்சிவப்பு பிலிமை 2007-ல் நிறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எனக்கு ஒரு ரோல் கிடைத்தது. சாலை விரிவாக்கத்துக்காகப் பள்ளி வாசல் வேப்பமரத்தை வெட்டப்போகும் வாரம் அது. முழு ரோலையும் அதற்கே செலவிட்டேன்.

மலிவாகக் கிடைத்த பிளாஸ்டிக் டேங்கும் கறுப்புத் துணிப்பையும் போதும் என்று நினைத்தேன். கழுவி எடுத்தால் பிலிம் முழுக்கப் புகைமூட்டம்! கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் சில பிளாஸ்டிக்கும் துணியும் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. ஹெர்ஷல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்திய வாத்தியாருக்கு அது தோன்றவில்லை. மரமும் அதற்குள் போய்விட்டது.

அதன்பிறகுதான் இந்த ஸ்டீல் டேங்கை வாங்கினேன். இப்போதும் வீட்டில் இந்த வேலை செய்ய ஆசைப்படுபவர்களுக்குச் சொல்கிறேன்: டேங்க் உலோகமாக இருக்கட்டும். பையை நம்பாமல், முழுதும் இருட்டாக்கிய அறையிலேயே பிலிமை ரீலில் சுற்றுங்கள். ஸ்டீல் ரீலில் சுற்றுவது கைப்பழக்கம். வீணான பிலிமை வைத்து முதலில் பகலில் பழகுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சூடானது. ஐஸ் தொட்டியில் வைத்து மருந்தை 20 டிகிரிக்குக் கொண்டுவர நல்ல தெர்மாமீட்டர் வேண்டும். ஹெர்ஷலுக்குக் கைகொடுத்ததும் அதே கருவிதானே!

ரீலின் உட்சுற்றில் இருந்த ஒரு படம் மட்டும் தப்பியது. கீழே போட்டிருக்கிறேன். வெள்ளை இலைகளுக்கு அடியில் நிற்கும் பிள்ளைகள் யார் யார் என்று சொல்லுங்கள்.