கூலியும் கோப்பையும்: இந்தியச் சாலை மிதிவண்டிப் பந்தயத்தின் வரலாறு

உலகில் சீனாவுக்கு அடுத்தபடியாக மிகுதியான மிதிவண்டிகளை உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. ஆயினும் சர்வதேச மிதிவண்டி ஒன்றியத்தின் 2.2 தரத்திலான பலநாள் சாலைப் பந்தயம் ஒன்று இந்த மண்ணில் நடைபெற 2026 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாமதத்திற்கு உடல்திறன் குறைவு, சாலைகளின் நிலை, கிரிக்கெட்டின் ஆதிக்கம் எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வரலாற்றை நோக்குங்கால் வேறொரு வினாவே அடிப்படையானதாகத் தோன்றுகிறது: மிதிவண்டி ஓட்டுபவனுக்கு அந்த ஓட்டத்திற்காகக் கூலி கொடுப்பவர் யார்?

ஐரோப்பாவில் இவ்வினாவுக்கு விடை தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தின் பின்னணியில் மிதிவண்டி உற்பத்தியாளரும் ஒரு மிதிவண்டி இதழும் இருந்தனர். ஒருவருக்கு வண்டி விற்க வேண்டும். மற்றவருக்குத் தாள் விற்க வேண்டும். 1903-இல் 'லோட்டோ' நாளிதழ் பிரான்ஸைச் சுற்றிவரும் பந்தயத்தை அறிவித்தபோது முதலில் பதிவு செய்தோர் மிகச் சிலரே. ஆசிரியர் ஆன்றி தெகிரான்ஜ் நுழைவுக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார். முன்னணியில் வருவோர் ஐம்பதின்மருக்கு நாளொன்றுக்கு 5 பிராங்க் வழங்கப்படும் என்றும் அறிவித்தார். அன்றைய ஆலைத் தொழிலாளியின் நாட்கூலிக்கு ஏறத்தாழ இணையான தொகை அது. அதன் பிறகே அறுபது பேர் களம் இறங்கினர். ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீட்டரைக் கடந்து வென்ற மொரீஸ் கரான் சிறுவயதில் புகைபோக்கி துடைக்கும் வேலை செய்தவர். நாளிதழின் விற்பனை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

அதே வழியில் 1909-இல் இத்தாலியில் 'லா கசெட்டா தெல்லோ ஸ்போர்ட்' நாளிதழும், 1913-இல் பிளெமிஷ் மொழிப் பகுதியில் 'ஸ்போர்ட்வேரல்ட்' இதழும் தத்தம் பந்தயங்களைத் தொடங்கின. பிந்தையது பிளாண்டர்ஸ் என்னும் வட்டாரத்தின் மொழி உணர்வோடு பிணைந்து வளர்ந்தது. ஆகவே ஐரோப்பிய வட்டாரப் பந்தயம் என்பது பத்திரிகை, வண்டி உற்பத்தியாளர், கூலிக்கு ஓடும் தொழிலாளி ஆகிய மூவரின் கூட்டு எனலாம். 1954-இல் நிவியா என்னும் அழகுப்பொருள் நிறுவனம் இத்தாலிய அணியொன்றுக்குப் பெயர் கொடுத்தபோது, வண்டித் தொழிலுக்கு வெளியிலிருந்தும் அக்கூலி வரத் தொடங்கியது.

இந்தியாவில் மிதிவண்டியின் வரலாறு வேறுவகையானது. இறக்குமதிப் பொருளாக வந்த அது, முதலில் அதிகாரிகளுக்கும் பின்னர் எழுத்தர், அஞ்சற்காரர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கும் உரியதாயிற்று. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் உள்நாட்டு உற்பத்தி பெருகியது. 1949-இல் சென்னையில் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவப்பட்டு, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. 1951-இல் சோனிபத்தில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தொடங்கின. ஆனால் தேவை மிகுந்தும் வழங்கல் குறைந்தும் இருந்த அன்றைய சந்தையில், வண்டியை விற்க வீரன் தேவைப்படவில்லை. பால் குடமும் அரிசி மூட்டையும் சுமக்கும் உறுதியே விளம்பரத்திற்குப் போதுமானதாக இருந்தது. வேகம் விற்பனைப் பொருளாகவில்லை. ஐரோப்பிய முக்கோணத்தின் ஒரு கோணம் இவ்வாறு இங்கே தொடக்கத்திலேயே விடுபட்டுப் போயிற்று.

எனினும் பந்தயம் இல்லாமற் போகவில்லை. தேசிய மிதிவண்டிக் கூட்டமைப்பு 1946-இல் உருவானது. 1948 லண்டன் ஒலிம்பிக்கிற்கு இந்திய மிதிவண்டி அணி சென்றது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் குழுத் துரத்தல் போட்டியில் இந்தியா வெள்ளி வென்றது. சாலைப் பந்தயங்களில் மூத்ததாகக் கருதப்படுவது மும்பை–புனே பந்தயம். அதன் தொடக்கம் 1945 எனக் கணக்கிடப்படுகிறது. இடையிடையே நின்றும் மீண்டும் தொடங்கியும் வந்துள்ள இப்பந்தயத்தின் உயிர்நாடி போர்காட் மலைப்பாதை. கோபோலியிலிருந்து கண்டாளா வரை ஏறும் அந்தச் சாலை, ஆளுநர் ஜான் மால்கம் காலத்தில், 1830-இல், வண்டிப் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது. அந்த ஏற்றத்தில் முதலில் வருபவருக்கு 'காட்டாச்சா ராஜா', அதாவது மலைப்பாதையின் அரசன், என்னும் பட்டம் உண்டு. பந்தயத்தை வென்றவரின் பெயரை மறந்தோரும் இப்பட்டத்தை மறப்பதில்லை. ஒரு வட்டாரம் பந்தயத்தைத் தன் மொழியில் உள்வாங்கிக் கொண்டதற்கு இது நல்ல சான்று.

ஆனால் காட்டாச்சா ராஜாவுக்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. அன்று ஒலிம்பிக் இயக்கம் அமெச்சூர், தொழில்முறையாளர் என்னும் பிரிவைக் கறாராகக் கடைப்பிடித்தது. 'அமெச்சூர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் வேர்ப்பொருள் 'நேசிப்பவர்' என்பது. தமிழில் வழங்கும் 'தொழில்முறை' என்னும் சொல்லோ, இன்று ஊதியம் பெறுதலையும் தரமாகச் செய்தலையும் ஒருங்கே குறிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்திய நிலை விளங்கும். இங்கே வீரர்கள் தரமாகப் பயிற்சி பெற்றனர். ஆனால் ஓடுவதற்கென்று ஊதியம் பெறவில்லை. இராணுவத்திலும் இரயில்வேயிலும் காவல்துறையிலும் பணியமர்ந்து, அப்பணியின் சம்பளத்தில் ஓடினர். 1948 முதல் வார்சா–பிராக் வழித்தடத்தில் கட்சி நாளிதழ்கள் நடத்திய அமைதிப் பந்தயத்தின் கிழக்கு ஐரோப்பிய வீரர்களும் இதே வகையினரே. பெயரளவில் அமெச்சூர், நடைமுறையில் அரசின் ஊழியர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தொழில்முறை மிதிவண்டி வீரர்களுக்குக் கதவைத் திறந்தபோது இப்பிரிவு பொருளிழந்தது. இந்தியாவில் மட்டும் வேலை ஒதுக்கீடு என்னும் ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது.

இதன் விளைவைக் கர்நாடகத்தின் வடபகுதியில் தெளிவாகக் காணலாம். விஜயபுரா மாவட்டமும் பாகல்கோட் மாவட்டத்தின் ஜமகண்டியும் பல பத்தாண்டுகளாக நாட்டின் சிறந்த சாலை வீரர்களை உருவாக்கி வரும் ஊர்கள். பெரும்பாலும் வேளாண் குடும்பங்களின் பிள்ளைகள். விளையாட்டு விடுதிகளில் பயின்றவர்கள். அவர்களுக்குத் தேசியப் பதக்கம் என்பது இரயில்வே வேலைக்கான சான்றிதழ். வேலை கிடைத்ததும் பந்தயத்தின் முதன்மை நோக்கம் நிறைவேறிவிடுகிறது. ஐரோப்பிய வீரர் ஒருவர் தன் உச்சத்தை எட்டத் தொடங்கும் இருபத்தைந்து வயதில், இங்குள்ளவருக்கு மிதிவண்டி வாழ்க்கை முடிவை நெருங்கிவிடுகிறது. இதைத் தனிமனிதரின் ஊக்கக் குறைவாகக் கொள்வது பிழை. கரானுக்கு 5 பிராங்க் என்ன பொருள் தந்ததோ, அதையே ஜமகண்டி இளைஞருக்கு அரசு வேலை தருகிறது. வேறுபாடு ஒன்றே: முன்னது ஓடும்வரை கிடைத்தது, பின்னது ஓட்டத்தை நிறுத்தினாலும் கிடைக்கிறது.

அதே மாநிலத்தின் தலைநகரில் முற்றிலும் எதிர்த்திசையிலான ஒரு மரபு தோன்றியது. பெங்களூரின் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையம் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில், மிதிவண்டி நெடுங்காலம் வேலைக்குச் செல்லும் வண்டி மட்டுமே. அருகிலுள்ள பழைய மதராஸ் சாலையில் கிழக்கே சென்றால், 1948-இல் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை. பொதுத்துறை ஆலைகளின் சங்கொலிக்கு ஏற்ப மிதித்த தலைமுறை இருசக்கர மோட்டார் வாகனங்களுக்கு மாறிய பின்னர், அந்நகரின் சாலைகளுக்கு மிதிவண்டி வேறொரு வர்க்கத்தின் வழியாகத் திரும்பியது. மென்பொருள் துறையினரை மிகுதியாகக் கொண்ட ஆர்வலர்கள் 2008 டிசம்பரில் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' பயணத்தைத் தொடங்கினர். கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் இது முதலில் பந்தயம் அன்று. பலநாள் கூட்டுப் பயணம். பின்னர் நேரம் கணக்கிடப்படும் பகுதிகள் சேர்க்கப்பட்டன. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதை, தென்னிந்திய மிதிவண்டியாளரிடையே போர்காட்டுக்கு நிகரான பெயரைப் பெற்றது.

இங்கு நோக்கத்தக்கது பணம் பாயும் திசை. நீலகிரிப் பயணத்தில் ஓட்டுபவரே கட்டணம் செலுத்துகிறார். ஜமகண்டி வீரர் வாழ்வூதியத்திற்காக ஓடுகிறார். பெங்களூர் ஆர்வலர் தன் ஊதியத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து ஓடுகிறார். 'நேசிப்பவர்' என்னும் சொல்லின் மூலப்பொருளுக்கு நெருக்கமானவர் பின்னவரே. ஒரே மாநிலத்தில் இவ்விரு மரபுகளும் அருகருகே வளர்ந்தும், ஒன்றின் திறனும் மற்றதன் பொருள்வளமும் அரிதாகவே சந்தித்துள்ளன.

2026 ஜனவரி 19 முதல் 23 வரை புனே மாவட்டத்தில் நடந்த பந்தயத்தை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். ஒரு முன்னோட்டச் சுற்றும் நான்கு கட்டங்களுமாக 437 கிலோமீட்டர் கொண்ட அதனை முன்னெடுத்தது மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும். பெயர் கொடுத்தது பஜாஜ். தாள் விற்கும் நாளிதழோ, வண்டி விற்கும் மிதிவண்டி நிறுவனமோ இதில் இல்லை. நூறாண்டுகளுக்கு முன் பத்திரிகை வகித்த இடத்தை இன்று அரசின் சுற்றுலா நோக்கமும் நகரப் பெருமிதமும் வகிக்கின்றன. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய போக்கு அன்று. இன்றைய புதிய பந்தயங்கள் பலவும் இவ்வழியிலேயே பிறக்கின்றன.

இதன் பயன் சிறிதன்று. 2.2 தரப் பந்தயத்தில் கிடைக்கும் புள்ளிகள் ஒலிம்பிக் தகுதிக் கணக்கில் சேர்வன. அவற்றுக்காக இதுவரை இந்திய வீரர்கள் வெளிநாடுகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஐந்து நாள் பந்தயம் ஒன்று, ஆண்டின் எஞ்சிய 360 நாட்களுக்கு எவருக்கும் ஊதியம் தருவதில்லை. வரலாறு காட்டுவது இதுவே: பந்தயங்கள் அணிகளை உருவாக்கவில்லை, கூலி கொடுத்த அணிகள் இருந்த இடத்தில்தான் பந்தயங்கள் நிலைத்தன. இரயில்வே வேலை கிடைத்த பிறகும் ஒரு விஜயபுரா இளைஞர் மிதிவண்டியை விட்டிறங்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் தோன்றும் நாளே, இந்தியாவில் தொழில்முறைச் சாலைப் பந்தயம் தொடங்கிய நாளாகக் கணக்கிடப்பட வேண்டும்.