வீட்டுக்கு முன்னால் விடும் நிலம் யாருடையது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்ட இருக்கிறவர்களும் காணி பிரிக்க இருக்கிறவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "என்ட காணி, என்ட காசு. வீதியில இருந்து இவ்வளவு விடு, பின்னால இவ்வளவு விடு எண்டு சொல்ல இவங்கள் ஆர்?" கேள்வி நியாயமானதுதான். காணி துண்டு துண்டாகச் சிறுத்துவிட்ட காலத்தில் பத்தடி என்பது ஒரு அறையின் அளவு. ஆனால் அந்தப் பத்தடிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எதை விட வேண்டும், எதற்காக விட வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் எங்கள் மார்க்கத்திலிருந்தே தொடங்குவோம். பாதையின் அகலத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் பதிவாகியிருக்கிறது. ஏழு முழம் என்பது ஏறத்தாழ மூன்று மீற்றர். பாரம் ஏற்றிய ஒட்டகங்கள் வந்துபோகும் பாதைக்கு அது போதும். பின்வந்த சட்ட அறிஞர்கள் அயலவரின் வெளிச்சம், காற்று, யன்னல் வழியே தெரியும் அந்தரங்கம் என்று இதை விரித்துப் பேசினார்கள். அதாவது, எங்கள் காணிக்குள்ளேயும் அடுத்தவருக்கு ஒரு ஹக் இருக்கிறது.

இலங்கையில் இது எழுத்துச் சட்டமாக வந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1914 இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. சுவரோடு சுவராக ஒட்டிய இருட்டு வீடுகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை எல்லோரும் கண்டார்கள். அடுத்த ஆண்டு, 1915 இன் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. வீதி எல்லை, கட்டடத்தைச் சுற்றிய வெட்டவெளி, வெளிச்சம், காற்று எல்லாம் அதன் கீழ் ஒழுங்குக்கு வந்தன. பிறகு 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், 1987 இல் பிரதேச சபைச் சட்டமும் வந்தன. 1986 ஆம் ஆண்டின் கட்டட ஒழுங்குவிதிகளுக்குப் பதிலாக 2021 இல் புதியவை வந்தன. இன்று நாங்கள் பிளான் பாஸ் பண்ணக் கொண்டுபோகும்போது எதிர்கொள்ளும் விதிகள் இந்த வரிசையில் வந்தவைதான்.

இனி, இதே விதி தலைகீழாக நிற்கும் ஓர் ஊரைப் பார்ப்போம். அது காலிக் கோட்டை. எங்கள் சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். 1640 இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1663 முதல் பெரிதாக்கிக் கட்டினார்கள். கட்டம் போட்டாற்போல் நேரான வீதிகள். பெட்லர் வீதிக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரே சோனக வியாபாரிகளின் தெரு என்ற பொருள் கொண்டது.

அங்குள்ள பழைய வீடுகளுக்கு முன்னால் வளவு கிடையாது. வீதி ஓரத்திலேயே தூண் வைத்த விறாந்தை. பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். முருகைக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்த தடித்த சுவர், மேலே பீலி ஓடு. அப்படியானால் வெளிச்சமும் காற்றும் எப்படி வரும்? வீட்டின் நடுவே திறந்த முற்றம், பின்னால் நீண்ட கொல்லை. நாங்கள் வீட்டைச் சுற்றி விடும் வெளியை அவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்தார்கள்.

அங்கே ஒருவர் வழக்கமான விதிப்படி பத்தடி பின்தள்ளி, முன்னால் கார் விட இடம் வைத்துக் கட்டினால் அந்த வீதியே குலைந்துவிடும். விறாந்தைகள் வரிசையாகச் செல்லும் தெருவில் ஒரு பல் விழுந்தது போலிருக்கும். 1988 இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1994 இல் சட்டம் மூலம் காலி மரபுரிமை மன்றம் அமைக்கப்பட்டது. கோட்டைக்குள் வீடு திருத்துவதற்கும் தொல்பொருள் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை போன்றவற்றின் அனுமதி வேண்டும். புதிய சுவரும் பழைய வரிசையிலேயே நிற்க வேண்டும், உயரமும் கூரையும் அயலோடு பொருந்த வேண்டும் என்பதே அடிப்படை. மற்ற ஊர்களில் "பின்னுக்குப் போ" என்கிற சட்டம், அங்கே "பின்னுக்குப் போகாதே" என்கிறது.

வீடுகள் காப்பாற்றப்பட்டன. மனிதர்கள்? 2002 இல் வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கான 100 வீத வரி நீக்கப்பட்டது. 2004 இல் அது திரும்ப வந்தது. அந்த இடைவெளியிலும் அதற்குப் பிறகும் கோட்டைக்குள் விலை ஏறியது. ஓடு மாற்றவும் அனுமதி, சுண்ணாம்புக்கும் பெரும் செலவு என்று களைத்துப்போயிருந்த குடும்பங்களுக்கு அந்த விலை பெரிது. பலர் விற்றுவிட்டுக் கோட்டைக்கு வெளியே போனார்கள். வீடுகள் ஹோட்டலாகவும் கடையாகவும் மாறின. மீரான் ஜும்மாப் பள்ளிவாசலில் இன்றும் பாங்கு ஒலிக்கிறது. சுற்றியிருந்த வீடுகள் பலவற்றில் அதைக் கேட்டு எழும்பிய குடும்பங்கள் இல்லை.

2004 டிசம்பர் 26 இல் கடல் காலிக்கும் வந்தது, முல்லைத்தீவுக்கும் வந்தது. காலியில் பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் அழிந்தன. கோட்டை மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. எங்கள் கரைக்கு மதில் இல்லை. கடலோரக் குடியிருப்புகள் அடியோடு போயின. உயிர்கள் ஆயிரக்கணக்கில் போயின.

அதன் பிறகு அரசு இன்னொரு இடைவெளியை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக்கூடாது. மீனவக் குடும்பத்துக்கு 200 மீற்றர் என்பது வள்ளத்தையும் வலையையும் கண்ணில் படாமல் விட்டுவிட்டுப் போவது. எதிர்ப்பு வந்தது, மாற்றுக் காணியும் கிடைக்கவில்லை. ஓராண்டுக்குள் அந்த விதி தளர்த்தப்பட்டு, கரைக்குக் கரை மாறும் பழைய கரையோரப் பாதுகாப்பு எல்லைகளே திரும்ப வந்தன. வாழ்கிற மனிதரைக் கேட்காமல் போட்ட கோடு நிலைக்காது என்பதற்கு எங்கள் கரையே சாட்சி.

முல்லைத்தீவிலும் ஒல்லாந்தர் கோட்டை இருந்தது. 1803 இல் பண்டாரவன்னியன் அதைத் தாக்கி ஆங்கிலேயரை விரட்டிய கதையை எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஆனால் காலியைப் போல ஒட்டிய வீட்டு வரிசை இங்கே இருக்கவில்லை. எங்கள் மூத்தவர்கள் வளவின் நடுவே வீட்டை வைத்தார்கள். சுற்றிவர ஓலை வேலி, ஒரு பக்கம் கிணறு, மாமரம், பின்னால் ஆட்டுக் கொட்டில். எந்தச் சட்டமும் கேட்பதற்கு முன்பே தாராளமாக இடம் விட்டவர்கள் அவர்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வளவுகளை விட்டுப் போனோம். போனது ஒரு குடும்பம். திரும்பி வந்தபோது அது நாலு, ஐந்து குடும்பம். காணி மட்டும் அதே அளவு. எங்களுக்கு இடைவெளி விதி வலிக்கும் இடம் இதுதான். வாப்பாவின் வளவை ஐந்தாகப் பிரிக்கும்போது ஒழுங்கைக்கு எவரும் இடம் தர விரும்புவதில்லை. கடைசித் துண்டுக்காரருக்கு வழி இல்லை. ஜனாஸா கொண்டுபோகவும் அம்புலன்ஸ் வரவும் பாதை இல்லை. சகோதரர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

ஆகவே நாங்கள் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று, அத்திவாரம் வெட்டுவதற்கு முன் பிரதேச சபையில் வீதி எல்லையையும் கட்டட எல்லையையும் கேட்டு அறியுங்கள். மாங்குளம் வீதி, பரந்தன் வீதி போன்ற பெருந்தெருக்களுக்கு உரிய எல்லை வேறு, உள் ஒழுங்கைக்கு வேறு.

இரண்டு, கடலிலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். தொல்பொருள் இடம் அருகில் இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

மூன்று, காணி பிரிக்கும்போது முதலில் பொது வழியை அளந்து, நில அளவையாளரின் வரைபடத்திலும் உறுதியிலும் எழுதுங்கள். மிச்சத்தைப் பிறகு பங்கிடுங்கள்.

நான்கு, துண்டு சிறியது என்றால் காலி வீட்டை நினையுங்கள். எல்லாப் பக்கமும் யன்னல் வைக்க இடமில்லாதபோது நடுவே சிறு முற்றம் விட்டால் வெளிச்சமும் வரும், பெண்களுக்கு மறைவும் இருக்கும். விதி கேட்கும் இடத்தைக் குறைக்க இது வழியல்ல. அதை விட்ட பிறகு வீட்டை வாழத்தக்கதாக்கும் வழி.

காலியில் வீடுகள் நிற்கின்றன, குடும்பங்கள் பல போய்விட்டன. எங்களிடம் வீடுகள் அழிந்தன, குடும்பங்கள் அல்ஹம்துலில்லாஹ் திரும்பி வந்திருக்கின்றன. வந்தவர்கள் ஒருவரையொருவர் மதிலால் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

1990 க்கு முந்திய உங்கள் வளவு எப்படி இருந்தது, கிணறு எந்தப் பக்கம், ஒழுங்கை எவ்வளவு அகலம் என்று பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். பிள்ளைகளுக்கு அது பாடமாகும்.

வஸ்ஸலாம்.